தூக்கிப் போட்ட கேள்விகள்

ஜனவரி 9

மென்பொருள் பொறியாளர் அம்மையாருக்கு,

வழக்கமாக 'அன்புள்ள வாலு' என்றுதான் தொடங்குவேன். இன்று அன்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறது. போனில் பேசலாம் என்று எடுத்து, அப்படியே வைத்துவிட்டேன். போனில் நான் கத்துவேன், நீ என்னைவிடக் கத்துவாய், நடுவில் உன் அண்ணன் போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியாம்மா, அங்க குளிரா இருக்கா" என்று கேட்டு விஷயத்தையே கெடுத்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். உன் ஆபீஸ் முகவரிக்கு இல்லை, சொந்த முகவரிக்கு. பாதியில் மூடி வைக்காமல் முழுதாகப் படி.

நேற்று வகுப்பில் டேப்கள் எல்லாம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன. ராத்திரி சுவிட்ச் போட மறந்துவிட்டார்களாம். சரி, பலகை இருக்கிறதே என்று ஒரு கேள்வி எழுதினேன். அரையும் மூன்றில் ஒரு பங்கும் கூட்டினால் எவ்வளவு? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். நோட்டை வாங்கிப் பார்த்தால் அத்தனை பேரும் ஒரே விடை: ஐந்தில் இரண்டு. மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி, முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. கையில் அரை இருக்கிறது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறாய், சேர்த்த பிறகு கையில் இருப்பது குறைந்து போகிறது. "இது எப்படிடா?" என்று கேட்டேன்.

தப்பாகப் போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. இந்தத் தப்பை நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒவ்வொரு வகுப்பும் அதைப் போட்டுத்தான் தாண்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. இந்தப் பிள்ளைகள் நம் மென்பொருளில் பின்னப் பாடத்தை முடித்தவர்கள். வகுப்புச் சராசரி தொண்ணூற்றிரண்டு. போன வாரம்தான் ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார்.

டேப்பை சார்ஜில் போட்டு, ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து, ஒரு மாணவி மாதிரி பாடத்துக்குள் போனேன். நான் எழுதிக் கொடுத்தது நூற்றிருபது கேள்விகள். உள்ளே இருபதுகூட இல்லை. இருப்பதும் என்ன கேள்விகள்? ஏழில் இரண்டும் ஏழில் மூன்றும் கூட்டு. ஒன்பதில் ஐந்திலிருந்து ஒன்பதில் ஒன்றைக் கழி. கீழ் எண் வேறு வேறாக இருக்கிற ஒரு கேள்வியாவது இருக்க வேண்டுமே, இல்லை. அதை விளக்கும் பக்கங்களும் இல்லை. காகிதப் பட்டையை மடிக்கிற படத்துக்காக நீயும் நானும் எவ்வளவு சண்டை போட்டோம், அந்தப் படமே காணோம். முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது, 'பாட வடிவமைப்பு' என்று.

வெட்டியது நீ. அல்லது நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு யாரோ வெட்டினார்கள். கஷ்டமான கேள்வியை எடுத்தால் மார்க் ஏறும், மார்க் ஏறினால் மென்பொருள் விற்கும். இது எனக்குப் புரியாத கணக்கு இல்லை. மார்ச்சில் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறீர்கள், அதற்கு உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. என் பாடத்தை யார் கை வைத்துக் கெடுத்தது என்று தெரியும்வரை என் கையெழுத்து கிடையாது.

உன் அண்ணி


ஜனவரி 12

அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்தேன். முழுதாகவே படித்தேன்.

உங்கள் பாடத்தை நான் வெட்டவில்லை. என் குழுவிலும் யாரும் வெட்டவில்லை. பாடத்தில் ஒரு கமாவை மாற்றினால்கூட யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று பதிவாகும். பார்த்துவிட்டேன். எட்டு மாதமாக மனிதக் கை எதுவும் படவில்லை. கேள்விகள் காணாமல் போனது உண்மை. எப்படி என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததும் எழுதுகிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வரியை அப்படியே விட முடியவில்லை. "மார்க் ஏறினால் விற்கும்." இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நான்கு வருஷத்துக்கு முன்னால், பாடம் எழுத ஒரு பேராசிரியரைப் பிடிக்கலாம் என்று இங்கே எல்லாரும் சொன்னபோது, வகுப்பில் நிற்கிற ஆள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று உங்களைக் கொண்டுவந்தவள் நான். "சொந்தக்காரங்கன்னு சிபாரிசா?" என்று ஜாடையாகக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் வேலை என்ன தெரியுமா? நீங்கள் சொல்கிறதை மெஷினுக்குப் புரியும்படி எழுதுவது. "பிள்ளை முகத்தப் பாத்தாலே தெரிஞ்சுடும்" என்பீர்கள். டேப்புக்கு முகம் தெரியாது, எந்தப் பட்டனைத் தொட்டார்கள் என்பது மட்டும்தான் தெரியும். "கொஞ்ச நேரம் யோசிக்க விடணும்" என்பீர்கள். கொஞ்சம் என்றால் எத்தனை நொடி என்று கேட்டால், "அது பிள்ளையைப் பொறுத்தது" என்பீர்கள். "ரொம்ப உதவி பண்ணாத, ஆனா தவிக்க விடாத" என்பீர்கள். இதையெல்லாம் எண்ணாகவும் விதியாகவும் மாற்றி எழுதியது யார்? ஒரு தடவையாவது, "வாலு, நான் பாட்டுக்கு சொல்லிட்டுப் போறேன், நீ எப்படித்தான் எழுதுறே?" என்று கேட்டிருக்கிறீர்களா? இப்போது ஒரு கோளாறு வந்ததும் நான் திருடி.

கையெழுத்துப் போடாதீர்கள். நானும் போடச் சொல்லவில்லை. அண்ணனிடம், இங்கே குளிர் இல்லை, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

நாத்தனார்


ஜனவரி 15

நாத்தனாருக்கு,

திருடி என்று நான் எழுதவில்லை. அது நீயாகச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அந்த வரியைக் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம். சரி.

ஆனால் நீ மெதுவாகத் தேடிக்கொண்டிருக்கிற அளவுக்கு இங்கே நேரம் இல்லை. எட்டாம் வகுப்பில் முதல் பிரிவு என்று ஒன்று உண்டு, கணக்கில் நன்றாக வருகிறவர்களுக்கு. அங்கே பாடம் ஓடும், யாருக்காகவும் நிற்காது. இந்த வருஷம் அதற்குத் தனியாகப் பரீட்சை கிடையாதாம். மென்பொருள் மார்க்கை வைத்தே பிரித்துவிடுவோம் என்று ஹெட்மாஸ்டர் அறிவித்துவிட்டார். நான் போய்ச் சொன்னேன், "சார், அந்த மார்க் சரியில்ல சார்." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எழுதின பாடம்தானே டீச்சர்?" என்றார். மூக்கு உடைந்து வெளியே வந்தேன்.

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் செய்வாள் என்பதால் வக்கீல் என்று கூப்பிடுவோம். அவளுக்குத் தொண்ணூற்றாறு. பலகையில் அவளும் ஐந்தில் இரண்டுதான் போட்டாள். தப்பு என்று சொன்னதும் எழுந்து நின்று, "டேப்ல எனக்குத் தொண்ணூத்தாறு டீச்சர். அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?" என்று கேட்டாள். வகுப்பே என் வாயைப் பார்த்தது. நான் மணி அடிக்கக் காத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு மணியை எதிர்பார்த்து நின்றது இதுதான் முதல் தடவை.

சீக்கிரம் கண்டுபிடி.

அண்ணி


ஜனவரி 21

அண்ணிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். கோளாறு எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். மென்பொருள் சொன்னதைச் செய்திருக்கிறது.

உள்ளே ஒரு விதி இருக்கிறது. ஒரு கேள்வியைப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தப்பாகப் போட்டால், அந்தக் கேள்வியை நீக்கிவிடு. கேள்வி எதுவும் மிஞ்சாத பக்கத்தைத் திரையில் காட்டாதே. இவ்வளவுதான். முதல் மாதம் அரையும் மூன்றில் ஒன்றும் போனது. அந்த வகைக் கேள்விகள் எல்லாம் போனதும், அவற்றை விளக்கும் பக்கங்கள் மறைந்தன. விளக்கம் இல்லாததால் அடுத்த கேள்விகளில் பிள்ளைகள் தடுமாறினார்கள். அவையும் போயின. கடைசியில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது மட்டும் மிஞ்சியது. தெரிந்ததையே கேட்டால் தொண்ணூற்றிரண்டு வராமல் என்ன செய்யும்? வாராவாரம் எங்களுக்கு வருகிற அறிக்கையில் மார்க் மட்டும்தான் இருக்கும். கேள்விகளை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் பாடம் மட்டும் இல்லை. அறிவியல், இலக்கணம், வரைபடம், எல்லா ஆசிரியர்களின் பாடமும் இப்படித்தான் கரைந்திருக்கிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டு. நேற்று என் குழுவில் ஒரு பெண், தேடித் தேடிக் களைத்துப்போய் என் மேஜைக்கு வந்து, "மேடம், கேள்வியைத் தூக்குறது வேற எதுவும் இல்ல. அண்ணி ரூல்தான்" என்றாள்.

ஆமாம், அண்ணி ரூல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொன்னது. நான் உங்கள் வார்த்தையைக்கூட மறக்கவில்லை. "பாதி கிளாசுக்கு மேல ஒரு கேள்விய தப்பா போட்டாங்கன்னா, தப்பு பிள்ளைங்க மேல இல்லடி, கேள்வி மேல. நான் அந்தக் கேள்விய தூக்கிப் போட்டுருவேன். அத வெச்சுக்கிட்டு பிள்ளைங்களத் திட்டி என்ன ஆகப்போகுது?"

எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. பிள்ளையைக் குறை சொல்லாமல் தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்கிற மென்பொருள். ஊருக்குத் திரும்பிய அன்றே எழுதினேன். உங்கள் பெயரையே வைத்தேன்.

இப்போது சொல்லுங்கள் அண்ணி, உங்கள் பாடத்தை வெட்டியது யார்?

நாத்தனார்


ஜனவரி 23

வாலு,

சொன்னது நான்தான். மறுக்கவில்லை. அடுத்த வகுப்பிலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் தூக்கிப் போட்ட பிறகு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? தூக்கிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன் என்றா நினைத்தாய்?

கேள், இப்போதாவது எழுதிக்கொள். கேள்வியைப் பலகையில் அழித்துவிடுவேன். ஒரு நீளக் காகிதப் பட்டையை எடுத்துப் பாதியாக மடிப்பேன். அதே நீளத்தில் இன்னொன்றை மூன்றாக மடிப்பேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கூட்டச் சொல்லாமல், "சேத்து வெச்சா அரைய விடக் கூடுமா, குறையுமா?" என்று மட்டும் கேட்பேன். இதை எந்தப் பிள்ளையும் தப்பாகச் சொல்லாது. பிறகு இரண்டையும் ஆறாக மடிக்கச் சொல்வேன். மடித்துப் பார்த்தால் விடை கையிலேயே தெரியும். அப்புறம் வேறு எண்களை வைத்து அதே கேள்வி. அதிலும் தடுமாறினால் வேறொரு வழி. இரண்டு மூன்று நாள் போனதும், சம்பந்தமே இல்லாத பாடத்துக்கு நடுவில், தூக்கிப் போட்ட அதே கேள்வியை ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே விடுவேன். அன்றைக்கு முக்கால்வாசிப் பேர் சரியாகப் போடுவார்கள். அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் முடியும்.

எந்த வாத்தியாராவது கேள்வியைத் தூக்கிப் போடுவேன் என்று சொன்னால், குப்பைக்கூடையில் போடுகிறேன் என்று அர்த்தமா?

இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். நடக்கும்போது இடது காலை வைத்தேன், அடுத்து வலது காலை வைத்தேன் என்று யாராவது சொல்லிக்கொண்டு நடக்கிறார்களா? அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. நீ கேட்டிருக்க வேண்டும், "தூக்கிப் போட்டுட்டு அப்புறம் என்ன அண்ணி?" என்று. ஒரே ஒரு கேள்வி. நீ கேட்கவில்லை. உனக்குப் பிடித்த பாதியை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய்.

நான்கு வருஷம் பாடம் செய்கிறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வகுப்பில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாயா? உன் கம்பெனியிலிருந்து யாராவது வந்தார்களா? போட்டோ எடுக்க வந்தார்கள். பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னார்கள், போனார்கள். என் வாயைக் கேட்டீர்கள் எல்லாரும். என் கை என்ன செய்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

மேலே இருப்பவர்களிடம் இன்றே சொல். மார்ச்சை நிறுத்து.

அண்ணி


ஜனவரி 30

அண்ணிக்கு,

சொன்னேன்.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பிரமாதம்'. எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். சர்வர் விழுந்துவிட்டது என்றாலும் பிரமாதம் என்றுதான் ஆரம்பிப்பார். அறைக்குள் போய்ப் படம் போட்டு விளக்கினேன். ஒரு பக்கம் மார்க் ஏறுகிறது, இன்னொரு பக்கம் கேள்விகள் குறைகின்றன. கவனமாகக் கேட்டார். "பிரமாதம். நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க. இத இந்த ரூமோட விட்டுருங்க" என்றார்.

கேள்விகளைத் திரும்ப உள்ளே வைத்தால் சராசரி என்ன ஆகும் என்று கேட்டார். முப்பது சொச்சத்துக்கு இறங்கும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "பிள்ளைங்களுக்கு சந்தோஷம், பெத்தவங்களுக்கு சந்தோஷம், ஸ்கூலுக்கு சந்தோஷம். இதுல அழுகிறது யாரு? உங்க அண்ணி ஒருத்தர். அவங்க பேர் வேணாம்னா எடுத்துட்டு நிபுணர் குழுன்னு போட்டுக்கலாம்." இப்படிச் சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தத் தண்ணீரை அவர் மூஞ்சியிலேயே ஊற்றியிருக்க வேண்டும். குடித்தேன்.

அண்ணி, நான் இப்போது எழுதப் போவது உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் வெளியே போய்விட்டால் உள்ளே பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு ஆள்கூட இருக்காது. வெளியிட்ட பிறகு, கூட்டம் எல்லாம் அடங்கியதும், நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவேன். மாதத்துக்குப் பத்துக் கேள்வி திரும்ப உள்ளே போனால் யாருக்கும் தெரியாது. என்னை நம்பி, நல்ல வேலைகளை விட்டுவிட்டு இந்தக் குழுவுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இது நின்றால் அவர்கள் தெருவில் நிற்பார்கள்.

யோசித்துப் பதில் எழுதுங்கள். உடனே எழுதாதீர்கள்.

வாலு


பிப்ரவரி 2

உடனேதான் எழுதுகிறேன்.

இன்று வக்கீலின் அம்மா வந்தார். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர், ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தொண்ணூற்றாறு போட்ட சீட்டை லேமினேட் செய்து கையில் வைத்திருந்தார். முதல் பிரிவில் பெயர் வந்துவிட்டதாம், எனக்கு நன்றி சொல்ல வந்தாராம். எங்கள் குடும்பத்திலேயே கணக்கில் இப்படி யாரும் வாங்கியதில்லை டீச்சர் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உன் 'சத்தமில்லாமல்' மாதிரி.

சொல்லிவிட்டேன். இந்த மார்க் சரியில்லை, பிள்ளைக்கு இன்னும் பின்னமே வரவில்லை, முதல் பிரிவில் போட்டால் திணறிப்போவாள் என்று. அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "எம்பொண்ணு மேல வந்தா உங்களுக்கு ஏன் டீச்சர் பொறுக்கல? நீங்க சொல்லிக் குடுக்க முடியாதத அந்த டேப் சொல்லிக் குடுத்துருச்சு. அதானே உங்க கோவம்?" என்றார். ஓய்வறையில் எல்லாரும் கேட்டார்கள். சீட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கோபம் உன் மேல் வந்தது. மாதத்துக்குப் பத்துக் கேள்வியாம். அந்தப் பத்துப் பத்து சேருகிறதுக்குள் இவள் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து, நான் முட்டாள் என்று முடிவு கட்டியிருப்பாள். அவளுக்கு மென்பொருள் மேல் சந்தேகம் வராது, தன் மேல்தான் வரும். எல்லாப் பள்ளியிலும் இப்படி எத்தனை பேர் என்று கணக்குப் போடு. நீ கணக்கில் நல்லவள்தானே.

உன் குழுவில் இருப்பவர்களைப் பிள்ளைகள் என்கிறாய். அவர்களுக்கு வேலை தெரியும், இன்னொரு வேலை தேடிக்கொள்வார்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன். நிபுணர் குழு என்று போட்டுக்கொள்ளட்டும். நீ போடுவதானால் போடு. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரும்போது அண்ணனை மட்டும் பார்த்துவிட்டுப் போ.

அண்ணி


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம் என் மேஜையில் உட்கார்ந்து காகிதத்தை நீளமாகக் கிழித்து மடித்தேன். பாதியாக ஒன்று, மூன்றாக ஒன்று, பிறகு இரண்டையும் ஆறாக. அண்ணி ரூல் என்று வந்து சொன்ன அதே பெண் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். பிறகு இன்னும் இருவர் வந்தார்கள். உங்கள் ஜனவரிக் கடிதத்தில் எனக்கான திட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். யாரும் வேலை போகுமே என்று கேட்கவில்லை. "மேடம், இத எழுதிரலாம்" என்றார்கள்.

எழுதினோம். பாதிப் பேர் தப்பாகப் போட்டால் கேள்வியை ஒதுக்கி வை, நீக்காதே. அதையே பட்டையை வைத்துக் கேள். பிறகு வேறு எண்ணில் கேள். சில நாள் கழித்து வேறு பாடத்துக்கு நடுவில் பழைய கேள்வியை உள்ளே விடு. முதல் தடவையாக, உங்கள் கை செய்கிறதை மென்பொருள் செய்தது. காணாமல் போன கேள்விகள் எல்லாவற்றையும், எல்லா ஆசிரியர்களுடையதையும், திரும்ப வைத்தோம். திங்கட்கிழமை, இப்போது இதை வைத்திருக்கிற அத்தனை பள்ளிகளுக்கும் அனுப்பினேன். முதல் திரையில் ஒரு அறிவிப்பும் போட்டேன்: "இதுவரை காட்டிய மதிப்பெண்கள் சரியல்ல. கடினமான கேள்விகளை இந்த மென்பொருள் தானாகவே நீக்கிவிட்டது. இது எங்கள் தவறு, மாணவர்களின் தவறு அல்ல." அனுப்பியது நான் மட்டும்தான். மற்றவர்கள் பெயர் எதிலும் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். முதல் தடவையாகப் பிரமாதம் என்று சொல்லவில்லை. என் அடையாள அட்டையை வாசலில் வாங்கிக்கொண்டார்கள். நான் போட்டதை அவர்கள் சீக்கிரமே மாற்றிவிடுவார்கள். எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் கையை நான் வந்து பார்க்கவில்லை, அது என் தப்பு. ஆனால் மாதக்கணக்காகத் தொண்ணூறு தொண்ணூறாக வந்துகொண்டிருந்தபோது நீங்களும்தான் சந்தோஷமாக இருந்தீர்கள். ஹெட்மாஸ்டர் கை கொடுத்தபோது வாங்கிக்கொண்டீர்கள். டேப்பை மூடி வைத்துவிட்டுப் பலகையில் ஒரு கேள்வி போட்டுப் பார்க்க அப்போது தோன்றவில்லை. சார்ஜ் தீர்ந்ததால்தான் போட்டீர்கள். அன்று யாரோ மறக்காமல் சுவிட்சைப் போட்டிருந்தால், மார்ச்சில் இரண்டு கையெழுத்தும் விழுந்திருக்கும்.

வாலு


பிப்ரவரி 16

அன்புள்ள வாலு,

நீ எழுதியது குத்தியது. குத்தட்டும். சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறாய்.

நீ அனுப்பியது இங்கே மூன்று நாள் ஓடியது. என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆறுதலுக்காக இல்லை.

முதல் நாள் பெரிய ரகளை. தொண்ணூறு வாங்கியவர்களுக்கு இருபதும் முப்பதும் வந்தது. இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வக்கீலுக்கு முப்பத்தெட்டு. அறிவிப்பை உரக்கப் படித்துவிட்டு, "அப்போ தப்பு பண்ணுனது அவங்க, மார்க் குறையுறது எங்களுக்கா?" என்று சண்டைக்கு நின்றாள். ஹெட்மாஸ்டர் அறையில் போன் நிற்காமல் அடித்தது. அவள் அம்மா வாசல்வரை வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வாலு, நீ இங்கே இருந்திருந்தால் உன்னையும் திட்டியிருப்பார்கள், தெரிந்துகொள்.

இரண்டாம் நாள் வக்கீல் திட்டிக்கொண்டே பட்டையை மடித்தாள். திரையில் ஒரு தடவை, நம்பிக்கை இல்லாமல் நோட்டுக் காகிதத்தைக் கிழித்து இன்னொரு தடவை. மூன்றாம் நாள் வேறு எண்ணில் வந்த கேள்வியைச் சரியாகப் போட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அன்றோடு சரி. மறுநாள் காலையில் திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அறிவிப்பு இல்லை, பட்டை இல்லை, ஏழில் இரண்டும் ஏழில் மூன்றும் கூட்டு. வகுப்பில் பாதிப் பேருக்குச் சந்தோஷம். அதை நான் மறைக்கப் போவதில்லை, கை தட்டினார்கள். ஆனால் கல்வி அலுவலகத்திலிருந்து யாரோ ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு, ஒரே வாரத்தில் மார்க் எப்படித் தொண்ணூறிலிருந்து முப்பதுக்கு இறங்கித் திரும்பத் தொண்ணூறுக்கு ஏறியது, பிள்ளைகள் என்ன லிப்டிலா போய்வருகிறார்கள் என்று கேட்டாராம். பதில் வரும்வரை மார்ச் வெளியீடு இல்லையாம். எங்கள் முதல் பிரிவுப் பட்டியலும் நிற்கிறது. உன் மேனேஜர் அவசரப்பட்டுத் திரும்ப மாற்றாமல் இருந்திருந்தால் அந்த ஏற்ற இறக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வக்கீல் மட்டும் கை தட்டவில்லை. டேப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். தொண்ணூற்றாறு என்று மின்னிக்கொண்டிருந்தது. இன்னும் என்ன வேண்டுமாம் இவளுக்கு என்று பார்த்தேன்.

"டீச்சர், என்னோட முப்பத்தெட்டு எங்க?"

"இப்பதான் தொண்ணூத்தாறு திரும்ப வந்துருச்சே" என்றேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

"முப்பத்தெட்டு நான் போட்டது டீச்சர். இது யாரு போட்டது?"

இதற்கு நான் மணி அடிக்கக் காத்திருக்கவில்லை. யார் போட்டது என்று சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. கேட்டுவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

உன் பழைய கம்பெனியின் முகவரியை உடனே அனுப்பு. முப்பத்தெட்டைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவளும் இன்னும் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பதின்மூன்றாவதாக நானும். வாங்கிப் படித்தேன். எழுத்துப்பிழை நிறைய, மரியாதை குறைவு. எதையும் திருத்தவில்லை.

உன் அண்ணி